டாப் ஸ்டேஷன் – குரங்கணி: ரோடு கேட்பதா, பாதையைக் கேட்பதா? கிராம சபைக்கு முன் பேசுவோம்

மேல்முடி

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது டாப் ஸ்டேஷனில், வாழ்க்கைப்பட்டது போடியில். அம்மாவும் தம்பி குடும்பமும் இன்னும் மேலேதான் இருக்கிறார்கள்.

மூணாறுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு டாப் ஸ்டேஷன் என்றால் பனிமூட்டமும் காட்சி முனையும்தான். அந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தேனி மாவட்டம், போடி ஒன்றியம், கொட்டக்குடி ஊராட்சி. எங்கள் வாக்கு, ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் போடியைச் சேர்ந்தவை. ஆனால் வாசலில் வந்து நிற்கும் பஸ் மூணாறு பஸ். ஒரு சான்றிதழ் வாங்கப் போடி தாலுகா அலுவலகத்துக்கு வர வேண்டுமென்றால் மூணாறு 32 கிலோமீட்டர், அங்கிருந்து தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு என்று சுற்றி மொத்தம் நூறு கிலோமீட்டர் வருகிறது. நேராகச் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக்குடியிருப்பு வழியாகக் குரங்கணிக்கு இறங்கினால் காட்டுப்பாதை 12 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். குரங்கணியிலிருந்து போடி 16 கிலோமீட்டர், தார்ச்சாலை.

வரும் கிராம சபையில் மறுபடியும் “குரங்கணி – டாப் ஸ்டேஷன் ரோடு” என்று தீர்மானம் போடச் சொல்கிறார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்த ரோடு பேசப்படுகிறது. இந்த முறை என் மனம் ஒப்பவில்லை. பெரிதைக் கேட்டுக் கேட்டுச் சிறிதும் கையைவிட்டுப் போனதுதான் மிச்சம் என்று நினைக்கிறேன். ரோடு வரப்போகிறதே என்று பாதையைச் செப்பனிட யாரும் நிதி ஒதுக்கவில்லை. ஓடைகளைக் கடக்கும் இடங்களில் கல் பெயர்ந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் குதிரையே காலூன்ற முடியாமல் தயங்குகிறது.

நான் கேட்க நினைப்பவை: பாதையைச் செப்பனிட வேண்டும், ஓடைகளுக்குச் சிறு பாலம் வேண்டும், மேலே ஒரு கிராம சுகாதார செவிலியர் தங்க வேண்டும், மாதாமாதம் ரேஷன் மேலே வர வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதலாமா? ஊர்க்காரர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

---

போடி ஏலக்கடை

மதினி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ரோடு வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் இனி எந்த அதிகாரியும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். “மக்களே கேட்கவில்லை” என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

நான் ஏலக்காய், காப்பி, மிளகு வியாபாரம் செய்பவன். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து காப்பி மூட்டை குதிரை முதுகில் வருவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். குதிரைக் கூலி போக அந்த விவசாயி கையில் என்ன நிற்கும்? அதே காப்பியைக் குரங்கணியில் விளைவித்தவன் வேனில் ஏற்றி அன்றைக்கே போடிச் சந்தையில் போட்டுவிட்டுப் போகிறான். மண்ணும் மழையும் ஒன்றுதான், வித்தியாசம் ரோடு.

2020இல் எல்லையை மூடியபோது என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். போடிமெட்டில் பாஸ் இல்லாமல் யாரையும் விடவில்லை. டாப் ஸ்டேஷன்காரன் தன் சொந்தத் தாலுகாவுக்கு வர வேற்று மாநிலத்தின் அனுமதியை எதிர்பார்த்து நின்றான். சொந்த மாவட்டத்துக்குள் ஒரு ரோடு இருந்திருந்தால் அந்த நிலை வந்திருக்குமா?

---

குண்டளை வாசி

நான் மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவன். தாத்தா காலத்துக் கதைகள் கேட்டு வளர்ந்ததால் ஒரு விஷயத்தை நினைவூட்ட விரும்புகிறேன். இந்த மலையில் போக்குவரத்து மூணாறு வழியாகப் போடிக்கு என்று இருந்ததே இல்லை. நேராகக் கீழே இறங்கியதுதான் பழைய வழி.

கண்ணன் தேவன் மலைத் தேயிலையை வெளியே கொண்டுபோக 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, மாடு பூட்டி இழுத்தார்கள். 1908இல் அதையே இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றி ரயில் விட்டார்கள். அந்த ரயில் முடியும் இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப்பாதையில் சுமார் 5 கிலோமீட்டர் தொங்கியபடி இறங்கிக் கொட்டக்குடிக்குப் போயின. கொட்டக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி. நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது, அதை மீண்டும் போடவே இல்லை.

போடிக்கு ரயில் வந்தது 1928இல். அதற்கு முன்பே இந்த மலைச்சரிவு வழியாக வெளிநாட்டுக்குத் தேயிலை போயிருக்கிறது. கம்பெனிச் சரக்குக்கு அன்றே வழி செய்து கொடுத்தார்கள். அதே சரிவில் குடியிருக்கும் மனிதர்களுக்கு இன்னும் வழி இல்லை. எனக்கு இதைவிடக் கோபம் தரும் செய்தி வேறில்லை.

---

ஊர்சுற்றி_கோவை

டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்க இப்போது அனுமதி உண்டா? நாங்கள் ஆறு பேர் டிசம்பரில் வரலாம் என்று இருக்கிறோம்.

---

குரங்கணிக்காரி

தம்பி, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். தமிழ்நாட்டு வனத்துறை மலையேற்றப் பாதைகளை இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் விடுகிறது. எந்தப் பாதை எந்த மாதம் திறந்திருக்கிறது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஹெலிகாப்டர் பிறகுதான் வந்தது. முதலில் மேலே ஏறியது எங்கள் ஊர் ஆண்களும் முதுவர் பழங்குடியினர் வாழும் முதுவாக்குடி ஆட்களும்தான். அன்று இரவு இருட்டில் போர்வையில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் முனகலை எங்கள் தெருவில் கேட்டவர்கள் யாரும் மறக்கவில்லை.

மேல்முடி அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு ரோடு இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. காயம்பட்டவர்களைத் தூக்கிய ஆட்களின் கால் வழுக்காமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறக்கியிருப்போம். அது நிச்சயம். பாதை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

---

சோலைக்காடு

வணக்கம். நான் தேனிக்காரன், தாவரவியல் படித்தவன். ரோட்டுக்கு எதிரான கருத்தைச் சொல்லப் போகிறேன். மேலே இருப்பவர்கள் எப்படியோ போகட்டும் என்ற எண்ணத்தில் இதைச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

போடி நகரம் குடிப்பது கொட்டக்குடி ஆற்றுத் தண்ணீர். அந்த ஆறு இந்தச் சரிவில்தான் பிறக்கிறது. மேலே புல்வெளி, பள்ளங்களில் சோலை. மழை பெய்யும்போது சோலையின் மட்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக விடுகிறது. அதனால்தான் மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் ஓடையில் நீர் இருக்கிறது. சரிவை வெட்டி ரோடு போட்டால் ஊற்றுக்கண்கள் வெட்டுமுகத்தில் திறந்துகொண்டு, நீர் பக்கக் கால்வாய் வழியாக ஒரே மழையில் ஓடிவிடும்.

வெகுதூரம் போக வேண்டாம், மூணாறு – போடிமெட்டு சாலையில் இருக்கும் தேவிகுளம் கேப் ரோட்டைப் பாருங்கள். அகலப்படுத்துவதற்காகப் பாறையை வெட்டினார்கள். 2019இலும் 2020இலும் மலையே சரிந்து விழுந்தது. வேலை செய்தவர்கள் இறந்தார்கள், கீழே இருந்த ஏலத்தோட்டங்கள் கல்லால் மூடின. அந்தச் சரிவும் நம் சரிவும் ஒரே மலைத்தொடர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோடு போட்டால் முதலில் ஏறப்போவது யார்? உங்கள் அம்மாவின் ரேஷன் அரிசியா, நிலம் பார்க்க வரும் தரகரா? டாப் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும். இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் ஏறத் தொடங்கினால் அந்தப் பூப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

---

போடி ஏலக்கடை

சோலைக்காடு தம்பி, கேப் ரோட்டை நீங்கள் உதாரணம் காட்டினீர்கள். அதே கேப் ரோடு மூடியபோது டாப் ஸ்டேஷன்காரர்கள் போடி வர ராஜாக்காடு வழியாக மேலும் சுற்றினார்கள். அப்போது யாரும் அவர்களுக்காகக் குரல் கொடுக்கவில்லை. காடு முக்கியம்தான். ஆனால் காட்டைக் காப்பாற்றும் பொறுப்பை ரோடே இல்லாத நாலு ஊர் மட்டும் சுமக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? மூணாறு – போடிமெட்டு சாலையை இரண்டு வாகனம் போகும்படி அகலப்படுத்தித் திறந்தார்கள். அதைத் தடுக்க முடிந்ததா? வலுத்தவனுக்கு ஒரு சட்டம், இளைத்தவனுக்கு ஒரு சட்டம் என்றுதானே ஆகிறது.

நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்கும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ரோடு இல்லை. டோலி கட்டித்தான் நோயாளிகளைத் தூக்கினார்கள். விடாமல் கேட்டதால்தான் கடைசியில் வேலை தொடங்கியது. நாம் மட்டும் ஏன் முன்கூட்டியே கோரிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?

---

மேல்முடி

அண்ணே, நீங்கள் சொல்லும் நியாயத்தில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த நியாயம் கிடைக்கும் வரை என் அம்மா என்ன செய்வது?

போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. தம்பி ஜீப் பிடித்து மூணாறு பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனான். முதலுதவி செய்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்கும்போது நம் மாநிலக் காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது, பணம் கட்டுங்கள் என்றார்கள். தேனிக்குக் கொண்டுவரலாம் என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில். அம்மா வழியெல்லாம் என் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தார். போடிமெட்டில் இறங்கும்போது வாந்தி எடுத்து மயங்கிவிட்டார். தேனிக்கு வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “மேலேயே ஒரு செவிலியர் இருந்து நெபுலைசர் வைத்து மாத்திரை கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.”

என் அம்மாவுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு செவிலியரும் ஒரு கருவியும். ரோடு பிறகு.

அம்மாவிடமே கேட்டேன், ரோடு வேண்டுமா என்று. “வந்தால் நல்லதுதான். அதுவரைக்கும் ஓடையில் நாலு கல்லையாவது போடச் சொல்” என்றார்.

---

கல்லும் மண்ணும்

மலைச்சாலைப் பணிகளில் இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினால் விவாதத்துக்கு உதவும்.

குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் உயர வேறுபாடு சுமார் ஆயிரம் மீட்டர். மனிதனும் குதிரையும் செங்குத்தாக ஏறலாம், அதனால் பாதை 12 கிலோமீட்டருக்குள் முடிகிறது. பஸ்ஸும் லாரியும் ஏற வேண்டுமானால் 20 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்பதுதான் மலைச்சாலைக்கு ஏற்ற சரிவு. அப்படிப் பார்த்தால் ரோடு குறைந்தது 20 கிலோமீட்டர் வரும். ஐந்து மீட்டர் அகலம் மட்டும் வைத்தாலும் பத்து ஹெக்டேர் காடு வேண்டும். வளைவுகளில் வெட்டும் அகலமும் கொட்டும் மண்ணும் இதில் சேரவில்லை.

இதற்கு மத்திய அரசின் வன அனுமதி, மாற்று நிலத்தில் காடு வளர்ப்பு, நிதி ஒதுக்கீடு என்று எல்லாம் கூடிவர வேண்டும். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் வருடக்கணக்காகும். கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் மண்சரிவை அகற்றப் பணம் வேண்டும். போடிமெட்டுச் சாலையில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் பாறை விழுவதைப் பார்க்கிறோம். வண்டி நெரிசல் உள்ள நெடுஞ்சாலைக்கு உடனே இயந்திரம் வரும். சில நூறு பேர் வாழும் ஊருக்குப் போகும் சாலைக்கு எத்தனை நாளில் வரும்?

பாதை வேறு கணக்கு. ஏற்கெனவே இருப்பது. கல் படி, தடுப்புச்சுவர், நீர் வடிய மறுகால், ஓடைக்கு இரும்புப் பாலம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கல் படி கட்டிய மலைக்கிராமங்களை நானே பார்த்திருக்கிறேன். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சிமென்ட் போட்டு மெழுகிவிடாதீர்கள், குதிரைக் குளம்பு வழுக்கும். சொரசொரப்பான கல்லைக் குத்தாகப் பதிக்க வேண்டும்.

---

குரங்கணிக்காரி

ஐயா சொன்னது சத்தியம். ஓரிடத்தில் சிமென்ட் பூசிய சரிவில் என் சித்தப்பாவின் குதிரை வழுக்கி விழுந்து முன்னங்கால் ஒடிந்தது. இரண்டு பக்கமும் அரிசி மூட்டை. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். குதிரை ஓட்டுகிறவர்களைக் கேட்காமல் அந்தப் பாதையில் எதையும் கட்டக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தையும் இதே குதிரைகள்தான் மலைக்குச் சுமக்கின்றன. அன்றைக்கு மட்டும் போலீஸ், அதிகாரிகள், காமிராக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். மறுநாள் ஒருவரும் இல்லை.

---

தீர்மானம்

சட்டத் துறையில் இருக்கிறேன், வன உரிமை வழக்குகளில் கொஞ்சம் அனுபவம் உண்டு. மேல்முடி அவர்களே, உங்கள் கோரிக்கைக்குச் சட்டத்தில் நேரான இடம் இருக்கிறது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பாருங்கள். வனத்தில் வாழும் மக்களுக்காக அரசு செய்து தர வேண்டிய 13 வசதிகள் அதில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இந்த வரம்புக்குள் இருந்தால் கோப்பு டெல்லிவரை போக வேண்டியதில்லை, மாவட்ட வன அலுவலர் நிலையிலேயே அனுமதி பெறலாம். அவர் மறுத்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகலாம்.

பொறியாளர் ஐயாவின் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். முழு ரோடு பத்து ஹெக்டேர், இந்தப் பிரிவுக்குள் வராது. மருந்தகம், ரேஷன் கடை, ஓடைப் பாலம் ஒவ்வொன்றும் தாராளமாக வரும். இருக்கும் பாதையைச் செப்பனிடுவது இன்னும் எளிது.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, இந்தச் சட்டத்தில் கிராம சபை என்பது ஊராட்சி மொத்தத்துக்கும் கூடும் சபை மட்டுமல்ல, குடியிருப்பு அளவிலும் கூடலாம். குரங்கணியில் கூடி மேலே இருப்பவர்களுக்காக முடிவெடுப்பதைவிட டாப் ஸ்டேஷனிலும் சென்ட்ரல் ஸ்டேஷனிலும் முதுவாக்குடியிலும் தனித்தனியே கூடிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாவது, முதுவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள், அவர்களுக்கு நேரடி உரிமை. மற்றவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு குடியிருப்பைக் காட்ட வேண்டும். பழைய வரி ரசீது, பட்டா நகல், முதியோர் வாக்குமூலம் எல்லாம் சான்றாகும்.

---

குண்டளை வாசி

கயிற்றுப்பாதைத் தூண்களின் அடித்தளம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைக் கட்டிய காலத்தில் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் மேலே இருந்தால் அந்தக் குடும்பங்களின் வாக்குமூலம் 75 ஆண்டுகளைத் தாண்டிவிடும். கூலிப் பதிவேடு ஏதாவது கிடைக்குமா என்று மூணாறு பக்கம் விசாரிக்கிறேன்.

---

சோலைக்காடு

செவிலியர், ரேஷன், பாலம், கல்பாதை ஆகிய நான்குக்கும் என் முழு ஆதரவு உண்டு. பாதையோரத்து மரங்களைக் கணக்கெடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். மேலிருந்து கீழ்வரை எந்த ஓடையில் எந்த மாதம் எவ்வளவு நீர் வருகிறது என்பதையும் குறித்துக்கொண்டால் பாலத்தின் உயரத்தை முடிவு செய்யலாம்.

---

போடி ஏலக்கடை

ரோடு கோரிக்கையைக் கைவிட மாட்டேன், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த நான்கையும் எதிர்க்க எனக்கு மனசாட்சி இடம் கொடுக்காது. ஒரு வேண்டுகோள்: தீர்மானத்தில் “ரோட்டுக்குப் பதிலாக” என்ற சொல் வரக் கூடாது. “உடனடியாக” என்று போடுங்கள். அப்படியென்றால் போடி வியாபாரிகளிடம் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.

---

மேல்முடி

ஏற்றுக்கொள்கிறேன், அண்ணே. “பதிலாக” என்ற சொல் வராது.

தம்பியிடம் பேசிவிட்டேன். மேலே வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கூடுகிறார்கள், அன்று காட்சி முனைக் கடைகளை மதியம் வரை அடைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் குதிரைக்காரர்கள் மூலம் தகவல் போயிருக்கிறது. முதுவாக்குடியில் ஊர்ப் பெரியவர்களை நேரில் பார்த்துத்தான் கேட்க வேண்டும். குரங்கணித் தங்கச்சி, நீங்கள் என்னோடு வர முடியுமா?

தீர்மானம் ஐயா, வாசகத்தை நான் எழுதி இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

---

குரங்கணிக்காரி

வருகிறேன் அக்கா. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போடியிலிருந்து ஏறிவிடுங்கள். சித்தப்பாவையும் அழைத்து வருகிறேன், எந்த ஓடையில் எங்கே பாலம் வேண்டும் என்று அவர் காட்டுவார்.

---

தீர்மானம்

எழுதிப் போடுங்கள், அன்றிரவே பார்த்துவிடுகிறேன். ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனித் தீர்மானம், தனித்தனி வரைபடம் இருக்கட்டும். நான்கையும் ஒரே தாளில் எழுதினால் ஒன்றில் குறை கண்டு நான்கையும் திருப்பி அனுப்புவார்கள். நகலை ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.